ஓகேமல்ல "இது அதோட சப்டைப்"னு எழுத முடியலையா? எரர் வாரியா பாத்து சரி பண்றது

கடலூர் ஓ.டி.ல (ஓல்டு டவுன்) எங்க மாமா பையன் விசைப்படகும் பைபர் போட்டும் வச்சிருக்கான், டீசல், ஐஸ், ஏலக்காசு, ஆள் பங்கு எல்லாத்துக்கும் சேத்து ஒரு சின்ன கணக்கு புரோகிராம் வேணும்னு கேட்டான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில தான் நிக்கும், அந்த நேரத்துல உக்காந்து ஓகேமல்ங்கற புரோகிராம் பாஷையில எழுதி குடுத்தேன். கணக்கு பகுதி சீக்கிரம் முடிஞ்சிருச்சு, என்னை நாள் கணக்குல உக்கார வச்சது டைப் தான். "இந்த ஃபங்ஷனுக்கு படகு எதை குடுத்தாலும் சரி, ஆனா அது படகோட சப்டைப்பா இருக்கணும்"னு எழுதணும் (சப்டைப்னா, படகு கேக்கற இடத்துல படகுக்கு பதிலா குடுக்கக்கூடிய டைப்), ஸ்கேலாங்கற இன்னொரு பாஷையில இருக்கற மாதிரி ஒரு குறி போட்டு சொல்லிடலாம்னு தேடுனா அப்படி ஒரு இடமே இந்த பாஷையில கிடையாது. ஆனா அந்த நிபந்தனைய வேற மூணு இடத்துல எழுதலாம்: ரோ வேரியபிள்ல எழுதலாம், ப்ரைவேட் டைப்ல எழுதலாம், இல்லன்னா ஒரு ஃபங்ஷனா கையில குடுக்கலாம். எது எப்பங்கறது தான் குழப்பம், அதனால உங்களுக்கு என்ன எரர் வருதோ அந்த தலைப்புக்கு போங்க.

கோடு எல்லாம் தமிழ் எழுத்துலயே காட்டிருக்கேன், எடிட்டர்ல ஆங்கில எழுத்துல அடிச்சுக்கோங்க. 'அ, 'ஆ ன்னு மேல் கோடு போட்டு இருக்கறது டைப் வேரியபிள்.

லிஸ்ட்ல ரெண்டு விதமான ஆப்ஜெக்ட் போட்டா "ஃபர்ஸ்ட் ஆப்ஜெக்ட் டைப் ஹேஸ் நோ மெத்தட் ஐஸ்"னு திட்டுது

விசைப்படகுக்கு பேர், டீசல், ஐஸ்னு மூணு மெத்தட். பைபருக்கு பேர், டீசல் மட்டும் தான், காலைல போயிட்டு மதியத்துக்குள்ள வந்துடும், ஐஸ் கணக்கு எழுதற அளவுக்கு இல்ல. ரெண்டையும் ஒரே லிஸ்ட்ல போட்டேன்:

[ விசை1; பைபர்1 ]

உடனே எரர். நமக்கு ரெண்டும் படகு தான்னு தெரியும், கம்பைலருக்கும் தெரியாம இல்ல, ஆனா தானா மாத்த மாட்டேங்குது. இது பக் இல்லீங்க, காரணம் இருக்கு. ஓகேமல் டைப்ப கண்டுபிடிக்கற முறை ஹிண்ட்லி 1969லயும் மில்னர் 1978லயும் எழுதுன வழியில வந்தது, அந்த முறைக்கு தெரிஞ்ச ஒரே கேள்வி "இதுவும் அதுவும் சமமா?"ங்கறது தான். சப்டைப்னு வந்துட்டா சமம் போயி "இது அதுக்குள்ள அடங்குமா"ன்னு கேக்கணும், அப்ப ஒவ்வொரு ஃபங்ஷன் கூப்பிடற இடத்துலயும் ஒரு ஏற்றத்தாழ்வு நிபந்தனை சேந்துக்கிட்டே போகும், கண்டுபிடிச்ச டைப்ப மனுஷன் படிக்க முடியாத நீளத்துக்கு வந்துடும். ரெண்டையும் ஒண்ணா சேத்து சுருக்கமா டைப் காட்டற ஒரு நல்ல வழிய டோலனும் மைக்ராஃப்டும் 2017ல எம்எல்சப்னு காட்டுனாங்க, ஆனா அது தனி வேலை, ஓகேமலுக்குள்ள வரல. இங்க எல்லாமே நீங்க வாய விட்டு சொன்னா தான்:

டைப் படகு = < பேர் : ஸ்ட்ரிங்; டீசல் : இன்ட் >
[ (விசை1 :> படகு); (பைபர்1 :> படகு) ]

அந்த :> குறிக்கு கோயர்ஷன்னு பேரு. ஓடற நேரத்துல இதுக்கு ஒரு செலவும் இல்ல, மதிப்பு மெமரில அப்படியே தான் கெடக்கும், டைப் மட்டும் மாறும். ஆனா ஏத்துனத கீழ எறக்க முடியாது, (ப : படகு :> விசைப்படகு) ன்னு எழுதுனா ஒத்துக்காது. ஐஸ் கணக்கு பின்னாடி வேணும்னா ஏத்தறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிடுங்க.

:> போட்டும் "இன்ட் எதிர்பாத்தேன், கிலோ வந்துச்சு"ன்னு சொல்லுது

ஏலத்துல எடை தனி, காசு தனின்னு குழம்பாம இருக்க ஒரு மாட்யூலுக்கு வெளிய டைப் கிலோ = ப்ரைவேட் இன்ட் ன்னு காட்டிருந்தேன். ப்ரைவேட் போட்டா வெளியில இருந்து யாரும் புதுசா கிலோ செய்ய முடியாது, ஆனா இருக்கற கிலோவ இன்ட்டா பாக்கலாம், அதாவது கிலோ ங்கறது இன்ட்டோட சப்டைப். அப்புறம் இப்படி எழுதுனேன்:

லெட் எண்ணா க = (க :> இன்ட்)

கம்பைல் ஆயிடுச்சு. ஆனா டைப் பாத்தா இன்ட் -> இன்ட். க எந்த டைப்னு அந்த இடத்துல கம்பைலருக்கு தெரியாது, வலது பக்கத்த மட்டும் வச்சு இடது பக்கத்த ஊகிக்குது, இன்ட்டுக்கு கீழ என்னென்ன ப்ரைவேட் டைப் இருக்குன்னு தேடி போகாது, அதனால இன்ட்டே தான்னு முடிவு பண்ணிடுது. ரெண்டு பக்கமும் எழுதிடுங்க:

லெட் எண்ணா க = (க : கிலோ :> இன்ட்)

கோயர்ஷன்ல எது தகராறு பண்ணாலும் நான் மொதல்ல பண்றது இது தான், இடது பக்க டைப்ப சேத்து எழுதி பாக்கறது. எரரும் தெளிவா மாறிடும், "இது அதோட சப்டைப் இல்ல"ன்னு நேரா சொல்லும், எந்த மெத்தட் இல்லன்னு கூட பெரும்பாலும் சொல்லிடும்.

"எதோட சப்டைப்பா இருந்தாலும் சரி"ன்னு ஃபங்ஷன் டைப் எழுதவே தெரியல

இதுல தான் எனக்கு ரொம்ப நாள் போச்சு, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

கடலூர், புதுச்சேரி பக்கம் இருக்கறவங்களுக்கு கூண்டு தெரியும், புயல் சின்னம் வந்தா துறைமுகத்துல ஏத்துவாங்க, "1ம் எண் கூண்டு ஏத்திட்டாங்க"ன்னு பேப்பர்ல வரும். மொத்தம் 11. 1, 2 ரெண்டும் தூரத்துல கடல்ல இருக்கற சின்னத்துக்கு, 3, 4 உள்ளூர் எச்சரிக்கை, 5, 6, 7 அபாயம், 8, 9, 10 பெரிய அபாயம், 11 வந்தா வானிலை மையத்தோட தொடர்பே அறுந்து போச்சுன்னு அர்த்தம். 5க்கும் 6க்கும் 7க்கும் வித்தியாசம் பலத்துல இல்ல, புயல் துறைமுகத்துக்கு எந்த பக்கமா கரைய கடக்கும்கறதுல தான், இத நெறைய பேரு தெரியாமலே இருக்காங்க. இத பாலிமார்ஃபிக் வேரியண்ட்டா (முன்னாடி ` போட்ட டேக்ங்கற பேர்கள்ல ஏதாவது ஒண்ணா இருக்கற டைப்) எழுதுனா கையில வச்ச மாதிரி பொருந்துது:

டைப் தூரம் = [ `கூண்டு1 | `கூண்டு2 ]
டைப் உள்ளூர் = [ `கூண்டு3 | `கூண்டு4 ]
டைப் அபாயம் = [ `கூண்டு5 | `கூண்டு6 | `கூண்டு7 ]
டைப் பெரிய_அபாயம் = [ `கூண்டு8 | `கூண்டு9 | `கூண்டு10 ]
டைப் எல்லாம் = [ தூரம் | உள்ளூர் | அபாயம் | பெரிய_அபாயம் | `கூண்டு11 ]

தூரம் எல்லாமோட சப்டைப், அபாயமும் அப்படியே. இப்ப "எல்லாம்ங்கறதோட எந்த சப்டைப்ப குடுத்தாலும் வாங்கிக்கோ"ன்னு ஒரு ஃபங்ஷன் வேணும். எழுத வேண்டியது இவ்ளோ தான்:

லெட் மேலேத்து க = (க :> எல்லாம்)

இதுக்கு கம்பைலர் குடுக்கற டைப்ப பாருங்க, [< எல்லாமுக்குள்ள இருக்கற 11 டேகும் ] -> எல்லாம். அந்த [< ங்கறது தான் நாம தேடுன நிபந்தனை, "இதுக்குள்ள அடங்குற எந்த டைப்பும்"னு அர்த்தம். ஆப்ஜெக்ட்டுக்கும் இதே கதை தான், லெட் படகா ப = (ப :> படகு) ன்னு எழுதுனா < பேர் : ஸ்ட்ரிங்; டீசல் : இன்ட்; .. > -> படகு ன்னு வரும், அந்த ரெண்டு புள்ளி தான் ரோ வேரியபிள், "இதுக்கு மேலயும் இருக்கலாம்"ங்கறது. மேல இன்ட்டுக்கு வேலைக்கு ஆகாத அதே ஒத்தை :> இங்க ஆகுது, ஏன்னா ஆப்ஜெக்ட்டுக்கும் வேரியண்ட்டுக்கும் ரோ இருக்கு, இன்ட்டுக்கு ரோ கிடையாது. இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்ச அன்னிக்கு தான் எனக்கு மத்ததெல்லாம் வழிக்கு வந்துச்சு.

இதுலயே இன்னொரு சிக்கல் உண்டு. படகு ஒண்ண வாங்கி, டீசல் போட்டு, அதே படக திருப்பி தர ஃபங்ஷன படகு -> படகு ன்னு எழுதிட்டேன், விசைப்படக ஏத்தி குடுத்தா வெளிய வரும்போது வெறும் படகா வருது, ஐஸ் மெத்தட் போச்சு. கார்டெல்லியும் வெக்னரும் 1985ல எல்லை போட்ட டைப் வேரியபிள பத்தி எழுதுனப்ப இந்த தகவல் தொலையற சிக்கல தான் முன்னாடி வச்சாங்க. ஓகேமல்ல இதுக்கு விடை ஆஸ்:

வேல் டீசல்_போடு : (< பேர் : ஸ்ட்ரிங்; டீசல் : இன்ட்; .. > as 'அ) -> 'அ

(அந்த நடு வார்த்தைய 'ஆஸ்'னு படிங்க, அதாவது ஆஸ் 'அ.) உள்ள போனது 'அ, வெளிய வந்ததும் அதே 'அ, ஐஸ் பத்திரமா இருக்கும். வாங்கறதும் தரதும் ஒரே டைப்பா இருக்கணும்னா கோயர்ஷன தொடாதீங்க, ரோ வேரியபிளுக்கு பேர் வையுங்க. வாங்கி படிச்சிட்டு விட்டுடற ஃபங்ஷன்னா எது வேணா பண்ணலாம்.

டைப் டிக்ளரேஷன்ல [> போட்டா "வேரியபிள் அன்பவுண்ட்"னு வருது

டைப் குறை = [> `கூண்டு1 ] ன்னு எழுதிருப்பீங்க. அந்த > க்குள்ள ஒரு கண்ணுக்கு தெரியாத வேரியபிள் ஒளிஞ்சிருக்கு, டைப்புக்கு பேர் வைக்கும்போது அத வெளிய கொண்டு வந்து பேராமீட்டரா காட்டணும்:

டைப் 'அ குறை = 'அ கன்ஸ்ட்ரெய்ன்ட் 'அ = [> `கூண்டு1 ]

ஆப்ஜெக்ட்ல ரெண்டு புள்ளி இருந்தாலும் இதே மருந்து தான். கன்ஸ்ட்ரெய்ன்ட்ங்கற கீவேர்ட பாத்துட்டு சப்டைப் நிபந்தனைக்கே தனியா வச்சதுன்னு நெனச்சிடாதீங்க, அது சமம் தான் போடுது, சப்டைப் தன்மை [> லயும் .. லயும் தான் இருக்கு.

எரரே வரல, ஆனா புரோகிராம் தப்பா சொல்லுது

இது தான் எல்லாத்துலயும் மோசம். கூண்டு எண்ண வச்சு கடலுக்கு போலாமா வேணாமான்னு சொல்ற ஒரு ஃபங்ஷன் எழுதி, கடைசியில _ போட்டு "போலாம்"னு விட்டிருந்தேன், கூண்டு ஏத்தாத நாளுக்குன்னு. ஒரு நாள் மாமா பையன் போன் பண்றான், "மச்சான், 3 ஏத்திட்டாங்க, இங்க ஒரு போட்டும் எடுக்கல, உன்னுது மட்டும் போலாம்னு காட்டுதுடா"ன்னு. அவன் துறைமுகத்துல நின்னு கூண்ட நேர்ல பாத்துட்டு பேசறான், அதனால ஒண்ணும் ஆகல, ஆனா எனக்கு உடம்பு ஆடிப்போச்சு. போய் பாத்தா `கூண்டு3 ன்னு இருக்க வேண்டிய இடத்துல `கூன்டு3, ஒரு எழுத்து.

கம்பைலர் ஏன் சொல்லல? _ இருக்கறதால ஃபங்ஷனோட டைப்ப [> ன்னு தெறந்து விட்டுடுச்சு, `கூன்டு3 ங்கறது இன்னொரு புது டேக்னு எடுத்துக்கிச்சு, பாலிமார்ஃபிக் வேரியண்ட்ல முன்னாடியே டிக்ளேர் பண்ணணும்னு கட்டாயம் இல்லல்ல. சரி பண்ண வாங்கற இடத்துலயே டைப்ப மூடிடுங்க:

லெட் போலாமா (க : எல்லாம்) = மேட்ச் க வித்
| #தூரம் -> `யோசி
| #உள்ளூர் | #அபாயம் | #பெரிய_அபாயம் | `கூண்டு11 -> `வேணாம்

இப்ப தப்பா அடிச்ச டேக் இந்த டைப்ல கிடையாதுன்னு எரர் வந்துடும், _ ய எடுத்துட்டதால ஏதாவது எண்ண விட்டாலும் வார்னிங் வரும், கூண்டே இல்லாத நாளுக்கு ஆப்ஷன் போட்டு நன் ன்னு தனியா வச்சுட்டேன். #தூரம் ங்கற பேட்டர்ன் அந்த டைப்ல இருக்கற எல்லா டேகையும் பிடிக்கும், எண் எண்ணா எழுத வேணாம், எழுத்துப்பிழைக்கும் இடம் கம்மி. உசுரு சம்பந்தப்பட்ட இடத்துல டைப்ப தெறந்து போட்டுட்டு _ போடாதீங்க, தயவு செஞ்சு.

"தூரம் அரே ஈஸ் நாட் எ சப்டைப் ஆஃப் எல்லாம் அரே"

தூரம் எல்லாமோட சப்டைப் தானே, தூரம் லிஸ்ட்ட எல்லாம் லிஸ்ட்டா ஏத்த விடுது, அரேவ மட்டும் ஏன் விடலன்னு தோணும். அரேல எழுதலாம், அது தான் காரணம். அந்த அரேவ எல்லாம் அரேன்னு இன்னொரு கையில குடுத்தா அவங்க அதுல `கூண்டு10 போடலாம், அவங்க டைப்படி அது சரி, ஆனா இந்தப்பக்கம் அதே அரேவ தூரம்னு நம்பி படிக்கறவன் கையில 10 வந்து விழும். ஜாவால அரேவ இப்படி ஏத்த விடுவாங்க, தப்பா போட்டா ஓடற நேரத்துல அரே ஸ்டோர் எக்ஸெப்ஷன்னு விழும். ஓகேமல் கம்பைல்லயே நிறுத்துது, ரெஃப், மியூட்டபிள் ஃபீல்டு எல்லாத்துக்கும் இதே சட்டம். வழி, ஒண்ணு லிஸ்ட்டுக்கு மாறுங்க, இல்லன்னா காப்பி எடுங்க:

அரே.மேப் (ஃபன் க -> (க : தூரம் :> எல்லாம்)) பலகை

ஃபங்ஷன்னா திசை திரும்பும், இதுல நெறைய பேரு தடுக்கி விழுவாங்க. எல்லா கூண்டையும் பாத்துக்கற ஆள தூரம் கூண்டு மட்டும் பாக்கற வேலைக்கு போடலாம், மாத்தி போட முடியாது:

(ஆள் : எல்லாம் -> யூனிட் :> தூரம் -> யூனிட்)

நம்ம சொந்த டைப்ப மாட்யூலுக்குள்ள மறைச்சதும் கோயர்ஷன் நின்னு போச்சு

உள்ள லிஸ்ட்டா இருந்தப்ப ஏத்த முடிஞ்சது, இன்டர்ஃபேஸ் ஃபைல்ல டைப் 'அ பதிவு ன்னு மறைச்சதும் முடியல. மறைச்ச டைப்புக்குள்ள என்ன இருக்குன்னு கம்பைலர் எட்டி பாக்காது, மோசமானத நெனச்சு இன்வேரியண்ட்னு, அதாவது எந்த பக்கமும் ஏத்த முடியாதுன்னு வச்சுக்கும். டைப் +'அ பதிவு ன்னு ஒரு கூட்டல் போடுங்க, போதும், அது கோவேரியண்ட், அதாவது 'அ வ ஏத்த முடிஞ்சா பதிவையும் ஏத்தலாம்னு அர்த்தம். கூட்டல் போட்டதும் "கோவேரியண்ட் எதிர்பாத்தேன், இன்வேரியண்ட்டா இருக்கு"ன்னு திட்டுனா உள்ள எங்கயோ மியூட்டபிளோ ரெஃபோ ஒளிஞ்சிருக்கு, இல்லன்னா 'அ அம்புக்குறிக்கு இடது பக்கம் நிக்குது. ஜிஏடிடி (கன்ஸ்ட்ரக்டர் ஒவ்வொண்ணும் வேற வேற டைப் தரக்கூடிய வேரியண்ட்) பேராமீட்டரா இருந்தாலும் பெரும்பாலும் கூட்டல ஏத்துக்காது, அங்க காப்பி எடுக்கற வழி தான்.

லெட் பலகை = ரெஃப் [ `கூண்டு1 ] ன்னு எழுதி "வீக்1 ஜெனரலைஸ் பண்ண முடியாது"ன்னு வந்தா அது வேற, டைப்ப எழுதிடுங்க, (ரெஃப் [ `கூண்டு1 ] : எல்லாம் லிஸ்ட் ரெஃப்), முடிஞ்சது.

ஃபங்க்டருக்குள்ள நிபந்தனைய எழுதணும்

கடலூருக்கு ஒண்ணு, புதுச்சேரி தேங்காய்த்திட்டுக்கு ஒண்ணுன்னு துறைமுகத்துக்கு ஒரு மாட்யூல், ஒவ்வொண்ணும் தான் கையாளற கூண்ட மட்டும் ஒரு டைப்பா சொல்லும், பொது வேலைய ஃபங்க்டர் (மாட்யூல வாங்கி மாட்யூல் தரது) செய்யும். சிக்னேச்சர்ல டைப் க ன்னு வெறுமன விட்டீங்கன்னா உள்ள (ஒண்ணு : து.க :> எல்லாம்) ஏத்துக்காது (து ங்கறது ஃபங்க்டர் வாங்கற மாட்யூல்), அதுக்கு க என்னன்னே தெரியாது. டைப் க = எல்லாம் ன்னு போட்டா சின்ன டைப்போட வர மாட்யூல வெளிய தள்ளிடும். இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது ப்ரைவேட் ரோ:

மாட்யூல் டைப் துறைமுகம் = சிக்
  டைப் க = ப்ரைவேட் [< எல்லாம் ]
  வேல் இப்போ : யூனிட் -> க லிஸ்ட்
எண்ட்

இப்ப க = தூரம் ன்னு இருக்கற மாட்யூலும் வரலாம், க = எல்லாம் ன்னு இருக்கறதும் வரலாம், க = இன்ட் வர முடியாது. "எல்லாமோட ஏதோ ஒரு சப்டைப்"ங்கறத இந்த பாஷையில இத விட நேரா எழுத முடியாது. ஆப்ஜெக்ட்டுக்கு ப்ரைவேட் < பேர் : ஸ்ட்ரிங்; .. > ன்னு எழுதுங்க. திசை மாறி "எல்லாம் இருக்கணும், மேலயும் இருக்கலாம்"னா ப்ரைவேட் [> எல்லாம் ], அப்ப மேட்ச்ல _ கட்டாயம் வேணும்.

மேல இருக்கற டைப்பே தெரியாத டைப்பா இருந்தா, அதாவது சின்னது, பெருசு ரெண்டும் ஃபங்க்டருக்கு வெளிய இருந்து வருதுன்னா, ப்ரைவேட் ரோ கை குடுக்காது. அங்க நிபந்தனைய ஒரு மதிப்பா வாங்கிக்கோங்க:

டைப் சின்னது
டைப் பெருசு
வேல் மேலேத்து : சின்னது -> பெருசு

கூப்பிடறவங்க பக்கம் ரெண்டு டைப்பும் தெரியும், அவங்க ஃபன் க -> (க : தூரம் :> எல்லாம்) ன்னு எழுதி குடுத்துடுவாங்க, உள்ள நீங்க :> போட வேண்டிய எடத்துல மேலேத்து போடுங்க. ஒரு குறை, யார் வேணா தப்பான ஃபங்ஷன குடுத்துடலாம், நெஜமான சப்டைப் தானான்னு டைப் சொல்லாது. அது உறுத்துச்சுன்னா ஒரு மாட்யூல்ல டைப் (-'அ, +'ஆ) சாட்சி ன்னு மறைச்சு வச்சு, அத செய்ய வேல் அதே : ('அ, 'அ) சாட்சி ன்னு ஒரே ஒரு வழி மட்டும் குடுங்க, உள்ள அது ஃபன் க -> க தான். மைனஸும் ப்ளஸும் இருக்கறதால (எல்லாம், எல்லாம்) சாட்சிய (தூரம், எல்லாம்) சாட்சியா ஏத்தலாம், சப்டைப் இல்லாத ரெண்டுக்கு நடுவுல ஏத்தவே முடியாது, பொய் சாட்சி செய்ய வழியே இல்ல. சாட்சிய பயன்படுத்த வேல் ஏத்து : ('அ, 'ஆ) சாட்சி -> 'அ -> 'ஆ ன்னு ஒண்ணு போதும்.

லிஸ்ட் முழுக்க ஏத்தணும்னா இந்த வழியில லிஸ்ட்.மேப் போட்டு புது லிஸ்ட் தான் வரும், :> மாதிரி சும்மா வராது. ஓ.டி. கணக்குல ஒரு நாளைக்கு நூறு, இருநூறு வரி தான், அதனால நான் மேப்பயே வச்சுட்டேன். உங்களுக்கு லட்சக்கணக்குல வரி ஓடுதுன்னா அந்த ஒரு இடத்த மட்டும் ஃபங்க்டருக்கு வெளிய, ரெண்டு டைப்பும் தெரியற பக்கம் கொண்டு போயி அங்க :> போடுங்க.